சுமந்தவர்களும் சுமக்கப்பட்டவர்களும்: போடி மலைச்சரிவின் வரலாறு திருச்சபைக்குக் கற்பிப்பது

முன்னுரை

போடிநாயக்கனூரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், கொட்டகுடி ஆறு மலையை விட்டிறங்கும் பள்ளத்தாக்கில், குரங்கணி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. மேற்கு மலைத் தொடரின் உச்சிக்கு ஏறும் பழைய நடைபாதைகள் பல இங்கிருந்தே தொடங்குகின்றன. 2018 மார்ச் 11 அன்று இம்மலையில் மூண்ட காட்டுத்தீயில், நகரங்களிலிருந்து மலையேற்றத்திற்காக வந்திருந்தோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றிலிருந்து குரங்கணியின் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது.

ஈராண்டுகளுக்குப்பின், 2020 மார்ச்சில், கொள்ளைநோய்த் தடையுத்தரவால் ஏலத்தோட்ட வேலை நின்றுபோகவே, கேரளப் பகுதியிலிருந்து காட்டுவழியாகத் தங்கள் ஊருக்கு நடந்து திரும்பிய கூலித் தொழிலாளர் சிலர், போடியை அடுத்த இராசிங்காபுரம் மலைப்பகுதியில் தீயில் சிக்கினர். ஒரு சிறு குழந்தையும் உயிரிழந்தோருள் அடங்கும். முதல் தீயை நாடு நினைவில் வைத்திருக்கிறது. இரண்டாம் தீயை இவ்வட்டாரத்திற்கு வெளியே நினைவுகூருவோர் மிகச் சிலரே.

இவ்விரு துயரங்களையும் எடையிட்டுப் பார்ப்பது நமது நோக்கமன்று. இரண்டும் ஒருபடித்தான துயரங்களே. ஆயினும், ஒன்று வரலாறாகவும் மற்றொன்று மறதியாகவும் ஆனதேன் என்று வினவுவது திருச்சபையின் கடமையாகும். பண்பாட்டில் நற்செய்தி வேரூன்றவேண்டும் என்று நாம் பல்லாண்டுகளாகப் பேசி வருகிறோம். எவருடைய பண்பாட்டில் என்ற வினாவை அத்துணை அழுத்தமாக எழுப்பினோமா? அவ்வினாவோடு போடி மலைச்சரிவின் வரலாற்றை அணுகுவதே இக்கட்டுரையின் முயற்சி.

1. மலையின் மரபுகள்

இம்மலைகளின் தொல்குடியினர் முதுவர். தங்கள் முன்னோர் மதுரையினின்று புறப்பட்டபோது மீனாட்சியம்மனின் திருவுருவை முதுகில் சுமந்து மலையேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. முதுகில் சுமந்தமையால் முதுவர் எனப் பெயர்பெற்றனர் என்றும் கூறுவர். முதுவர் குலப் பெண்கள் குழந்தைகளைத் துணியில் கட்டி முதுகிற் சுமப்பதை இன்றும் காணலாம். இம்மரபினைச் சொல்லுக்குச் சொல் வரலாறாகக் கொள்வதற்கில்லை. எனினும், ஒரு மக்கள் தங்களைப்பற்றிச் சொல்லிக்கொள்ளும் முதற்கதை சுமத்தலைப்பற்றியதாக இருப்பது நாம் கருதத்தக்கது.

மலையடிவாரத்தில் வேறொரு மரபு நிலைபெற்றது. மதுரை நாயக்கராட்சியில் வகுக்கப்பட்ட 72 பாளையங்களுள் போடிநாயக்கனூரும் ஒன்று. அரண்மனைச் சுவர்களில் இராமகாதை ஓவியங்களைத் தீட்டுவித்த ஜமீன் மரபு அது. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின்னரும் அதன் மதிப்பு ஊர் நினைவிலிருந்து நீங்கவில்லை. பரமசிவன் மலைக்கோயில் திருவிழாவும், அண்மையிலுள்ள வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவும் இவ்வட்டாரத்தின் ஆண்டு வாழ்வைப் பகுத்துத் தருவன.

மூன்றாவதாக ஒரு மரபும் உண்டு. அதற்கு அரண்மனையுமில்லை, கல்வெட்டுமில்லை. போடி, தேவாரம், கம்பம் முதலிய ஊர்களிலிருந்து காய் எடுக்கும் காலத்தில் மலையேறிச் சென்று, காய்ச்சலுக்கும் காட்டு விலங்குக்கும் தப்பியோர் திரும்பிவந்த கூலி மக்களின் மரபே அது. அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்றோர். தாழ்த்தப்பட்ட மக்கள் அவர்களுள் மிகப்பலர். ஊரின் செல்வம் அவர்கள் தோள்மீது இறங்கியது. ஆனால் ஊரின் பண்பாடு என்று எழுதப்பட்ட பக்கங்களில் அவர்களுக்கு இடம் கிட்டவில்லை.

2. 1877-உம் இரும்புக் கயிறும்

1877 ஜூலை 11 அன்று, திருவிதாங்கூர் ஏலமலைகளின் கண்காணிப்பாளராயிருந்த ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர், பூஞ்சாற்றுத் தம்புரானிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். மலையில் வாழ்ந்த முதுவரின் இசைவினை அப்பத்திரம் வேண்டவில்லை. இன்றைய மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்கள் இதிலிருந்தே தோன்றின.

தேயிலை கடல்துறையை அடையக் குரங்கணியே வாயிலாயிற்று. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையும், 1908-இல் சிறு இரயில்பாதையும் அமைக்கப்பட்டன. அப்பாதை முடியுமிடம் இன்றும் டாப் ஸ்டேஷன் என்றே வழங்குகிறது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் இரும்புக் கயிற்று வழியாக ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கீழிறங்கிக் குரங்கணியை அடைந்தன. பின்னர் மாட்டு வண்டிகளில் போடிக்கும், அதற்கப்பால் அம்மையநாயக்கனூர் இரயில் நிலையத்திற்கும், தூத்துக்குடித் துறைமுகத்திற்கும் சென்றன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மலைமேலிருந்த இரயில்பாதையை அழித்தது. 1928-இல் போடிக்கு மதுரையிலிருந்து இரயில் வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டு, பிற்பாடு மீண்டும் இடப்பட்டது. 2010-இன் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட இரயில் 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பியது.

ஏலக்காயின் வரலாறு தேயிலையினும் பழையது. திருவிதாங்கூர் அரசு ஏலக்காய் வாணிபத்தைத் தன் தனியுரிமையாக வைத்திருந்தது. 1896-இல் அவ்வுரிமையைக் கைவிட்டது. மலை திருவிதாங்கூருக்கு உரியதாயினும் மூலதனமும் உழைப்பும் பெரும்பாலும் போடி, கம்பம் பகுதிகளிலிருந்தே சென்றன. 1954-ஆம் ஆண்டின் தேவிகுளம்–பீர்மேடு கிளர்ச்சியும், 1956 நவம்பர் 1-இன் மாநிலப் பிரிவினையும் மலையின் உச்சியில் எல்லைக்கோட்டை உறுதிப்படுத்தின. எனினும் கூலி மக்கள் அக்கோட்டினை நாள்தோறும் கடந்து வந்தனர்.

ஏலக்காய் எடுக்கும் வேலையின் இயல்பையும் நாம் அறிந்திருத்தல் நலம். காய்கள் செடியின் அடியிலிருந்து கிளைக்கும் சரங்களில், தரையை ஒட்டிக் காய்க்கின்றன. முற்றிய காயை மட்டும் விரலால் தெரிந்து பறிக்கவேண்டும். ஒரே செடிக்கு ஏறத்தாழ நாற்பது ஐம்பது நாட்களுக்கு ஒருமுறை திரும்ப வரவேண்டும். மழையிலும் அட்டைக்கடியிலும் குனிந்தும் குந்தியும் செய்யும் இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். பறித்த காய் ஸ்டோரில் உலர்த்தப்பட்டு, போடியில் தரம் பிரிக்கப்பட்டு, ஏல விற்பனைக்குச் செல்கிறது. அங்கே 8 மில்லிமீட்டர் பருமனுள்ள பச்சைக்காய்க்குத் தனி மதிப்புண்டு. அதனைப் பறித்த விரலுக்கு அவ்வாறு ஏதுமில்லை.

3. உலகின் மறுகோடியில் ஒரு மலைநகர்

இதே ஏலக்காய் நம்மை நடு அமெரிக்காவிலுள்ள மற்றொரு மலைநகருக்கு இட்டுச்செல்கிறது. குவாத்தமாலா நாட்டின் ஆல்தா வேராபாஸ் மாநிலத் தலைநகராகிய கோபானே அது. இந்தியாவும் குவாத்தமாலாவுமே இன்று உலகில் ஏலக்காயை மிகுதியாக விளைவிக்கும் நாடுகள். அந்நாட்டு விளைச்சலின் நடுவிடம் கோபான் வட்டாரம். போடியின் வாணிகர்கள் அந்நகரின் பெயரை அறியாவிடினும், அவ்விளைச்சலின் அளவு போடியின் விலையைத் தாக்குவதை நன்கறிவர்.

கோபானின் கதை திருச்சபையின் கதையோடு பின்னிப் பிணைந்தது. ஸ்பானியப் படைகளால் வெல்லவியலாத அப்பகுதி 'போர் நிலம்' எனப் பெயர்பெற்றிருந்தது. 1537-இல் தொமினிக்கத் துறவி பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ், படைவீரரும் குடியேறிகளும் ஐந்தாண்டுகள் அங்கு நுழையலாகாது என்னும் உடன்படிக்கையை ஆளுநரிடம் பெற்றார். பின்னர் மறைச்செய்தியை அம்மக்களின் மொழியில் பாடல்களாக இயற்றி, அவ்வழியே சென்று வந்த உள்நாட்டு வணிகருக்குக் கற்பித்து அனுப்பினார் என்று பழைய வரலாற்றாசிரியர் கூறுவர். வாளின்றிப் பாடலால் நுழைந்தமையால் அந்நிலம் 'மெய்ச் சமாதானம்' என்னும் பொருளில் வேராபாஸ் எனப் பெயர் மாற்றப்பட்டது. 1543-இல் கோபான் நகரம் அமைக்கப்பட்டது. வேதநாயக சாஸ்திரியாரின் குறவஞ்சியையும் கீர்த்தனைகளையும் முதுசொமாகப் பெற்ற நமக்கு இம்முறை அயலானதன்று.

ஆயினும் அச்சமாதானம் குறைவுடையதாகவே இருந்தது. சிதறி வாழ்ந்த கெக்சி மக்கள் ஊர்களில் ஒன்றுதிரட்டப்பட்டனர். 1555-இல் துறவியொருவர் கொல்லப்பட்டபின், வாளை மறுத்த அதே சபையார் படையெடுப்புக்கு உடன்பட்டனர். பாடலோடு சென்றவர்களும் நிலம் யாருடையது என்ற வினா எழுந்தபோது தடுமாறினர் என்பதே இதிற்காணும் பாடம்.

மூன்று நூற்றாண்டுகளுக்குப்பின், அதே 1877-இல், மன்றோ பத்திரம் எழுதிய ஆண்டிலேயே, குவாத்தமாலா அரசு இரு ஆணைகளைப் பிறப்பித்தது. ஒன்று குடிமக்களின் பொதுநிலங்களைத் தனியுடைமையாக்க வழிசெய்தது. மற்றொன்று அவர்களைக் காப்பித் தோட்டங்களுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பும் முறையை ஒழுங்குபடுத்தியது. ஜெர்மானியத் தோட்டக்காரர் கோபானைச் சூழ்ந்த மலைகளைப் பெற்றனர். அவர்களுள் ஒருவரே 1914-ஆம் ஆண்டு வாக்கில் ஏலச்செடியைக் கீழ்த்திசையிலிருந்து அங்கே கொணர்ந்தவர். கெக்சி மக்கள் நெற்றியில் பட்டையிட்டு முதுகிற் சுமை தாங்கி மலையிறங்கினர். அவர்களோ ஏலக்காயை உண்பதுமில்லை. அது அரபு நாடுகளின் காப்பிக்காக விளைவது. அவர்களுக்கு அது சுமையும் கூலியும் மட்டுமே.

கெக்சி மக்கள் வணங்கிவந்த தெய்வத்தின் பெயர் சூல்தக்கா. 'மலையும் பள்ளத்தாக்கும்' என்பது அச்சொல்லின் பொருள். மக்காச்சோளம் விதைக்குமுன் மெழுகுதிரியும் நறும்புகையும் படைத்து மலையிடம் இசைவு கேட்பது அவர்கள் வழக்கம். மலையை ஆளுவதன்று, மலையிடம் அனுமதி பெறுவதே உழவு என்பது அதன் உட்கருத்து. இவ்விறையியலை நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால், எவரிடமும் கேளாது மலையைப் பத்திரம் எழுதிக்கொண்டோரின் செயலும் ஒருவகை இறையியலே என்பதை நாம் மறக்கலாகாது.

4. விழா மேடையும் சவக்குழியும்

கோபானில் ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் தேசிய நாட்டார் விழா நடைபெறுகிறது. ஊர்தோறும் தெரிந்தெடுக்கப்பட்ட மாயா இனப் பெண்கள் தத்தம் மரபு நெசவாடையணிந்து வருவர். அவர்களுள் ஒருவர் 'அரசனின் மகள்' என்னும் பொருளுடைய ரபின் அஹாவ் பட்டத்தைப் பெறுவார். நாடு தன் தொல்பண்பாட்டைப் பெருமையோடு காட்டும் நாள் இது.

1978 மே 29 அன்று அதே மாநிலத்தைச் சேர்ந்த பான்சோஸ் ஊரில், தங்கள் நிலவுரிமைக்காகத் திரண்ட கெக்சி மக்கள்மீது படையினர் சுட்டனர். 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மக்களை முன்னின்று நடத்திய அதெலினா கால் மாக்கின் என்னும் மூதாட்டியும் அவர்களுள் ஒருவர். இரண்டு மாதங்களுக்குப்பின் விழா வழக்கம்போல் அறிவிக்கப்பட்டது. அப்பொழுது, ஊர்தோறும் விழா அரசியராகத் தெரிந்தெடுக்கப்பட்டிருந்த மாயா பெண்கள் பலர் அவ்விழாவைப் புறக்கணிக்குமாறு அறைகூவி அறிக்கை வெளியிட்டனர். எங்கள் உடையைப் போற்றுவோர் எங்கள் உயிரைப் போற்றவில்லையே என்பதே அவர்கள் கண்டனத்தின் சாரம்.

பண்பாட்டைப்பற்றிப் பேசும் இறையியலாளர் ஒவ்வொருவரும் இந்நிகழ்ச்சியின் முன் நின்று சிந்திக்கவேண்டும். மரபைக் காப்பதென்பது மரபை உடுத்தியிருப்போரைக் காப்பதேயாம். ஆளை நீக்கி ஆடையை மட்டும் மேடையேற்றுவது பண்பாட்டுப் பணியாகாது.

அடுத்து நேர்ந்தது சீர்திருத்த சபையினராகிய நமக்கு நாணந் தருவது. 1982 மார்ச்சிலிருந்து 1983 ஆகஸ்டு வரை அந்நாட்டை ஆண்ட படைத்தலைவர் எஃப்ரைன் ரியோஸ் மொந்த், மறுபிறப்பனுபவம் பெற்றவராகத் தம்மை அறிக்கையிட்ட சீர்திருத்த சபையார். ஞாயிறுதோறும் நல்லொழுக்கம் பற்றி நாட்டு மக்களுக்கு உரையாற்றியவர். அவருடைய ஆட்சியிலேதான் மாயா ஊர்கள் பல எரிக்கப்பட்டன. 2013 மே மாதம் இன அழிப்புக் குற்றவாளியென அவருக்குத் தீர்ப்பளிக்கப்பட்டது. நடைமுறைக் காரணத்தால் சில நாட்களில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. மறுபுறம், 1967 முதல் 1974 வரை வேராபாஸ் மறைமாவட்டத்தின் கத்தோலிக்க ஆயராயிருந்து கெக்சி மொழியில் திருப்பணிக்கு வித்திட்ட ஹுவான் ஹெரார்டி, கொல்லப்பட்டோரின் சாட்சிகளைத் திரட்டிய அறிக்கையை 1998 ஏப்ரல் 24 அன்று வெளியிட்டார். ஏப்ரல் 26 அன்று அவர் கொலையுண்டார். ஒருவர் மக்களுக்கு உபதேசித்தார். மற்றவர் மக்கள் சொல்லக் கேட்டு எழுதினார். இவ்விரண்டிற்குமுள்ள வேறுபாடு திருப்பணியின் வேறுபாடு.

5. போடியின் இன்றைய அறைகூவல்கள்

போடியில் பான்சோஸைப் போன்ற படுகொலை நிகழவில்லை. இரு நகரங்களின் வரலாற்றையும் ஒன்றாக்கிவிடுவது தவறு. ஆயினும், சுமப்போர் கண்ணுக்குப் படாமற் போவது இரண்டிற்கும் பொது.

1966-இல் தொடங்கிய ஏலக்காய் வாரியம் 1987-இல் நறுமணப் பொருள் வாரியத்தில் இணைக்கப்பட்டது. ஏல விற்பனை கணிப்பொறிக்கு மாறியது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோவுக்கு 7,000 ரூபாய் என்னும் உச்ச விலை கிட்டியது. மூன்றாண்டுகளுக்குள் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. விலை ஏறியபோது அதற்கேற்பக் கூலி ஏறவில்லை. இறங்கியபோதோ முதலில் குறைவது வேலைநாள்.

விடியுமுன் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. வளைவுகளில் அவை கவிழ்வதும் செய்தியாகிறது. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைப் பூசல் முற்றியபோது, அச்சத்தால் தோட்டங்களை விட்டுத் தமிழ்த் தொழிலாளர் பலர் குடும்பத்தோடு காட்டுவழியாக இறங்கிவந்தனர். இப்பொழுது ஜார்க்கண்டு, அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் இம்மலைகளுக்கு வருகின்றனர். நேற்றைய அந்நியர் இடத்தில் இன்று புதிய அந்நியர் நிற்கின்றனர்.

2018-இன் தீயை இங்கே மீண்டும் எண்ணிப் பார்ப்போம். அன்று முதலில் மலைமேல் ஓடியவர்கள் குரங்கணிப் பகுதி மக்களே. காயமுற்றோரை அவர்கள் தோள்களிற் சுமந்து இறக்கினர். நகரம் மலையை இன்பப் பொருளாகக் கண்ட அந்நாளிலும் சுமந்தவர்கள் பழைய சுமப்பவர்களே. 2020-இல் அவர்களைப் போன்றோர் தீயில் சிக்கியபோது, நாட்டின் கண் வேறெங்கோ இருந்தது.

6. சுமக்கப்பட்ட திருச்சபை

இவ்வட்டாரத்தில் நற்செய்திப்பணியை மிகுதியும் ஆற்றியது, 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன். அதன் பள்ளிகளும் மருத்துவமனைகளும் செய்த நன்மையை நாம் நன்றியோடு போற்றுகிறோம். அதே நன்றியுணர்வோடு மற்றொன்றையும் அறிக்கையிட வேண்டும். 1845 முதல் அம்மிஷனரிகள் கோடை வெப்பத்திற்கும் நோய்க்கும் தப்பக் கொடைக்கானலுக்கு ஏறினர். மோட்டார்ப் பாதை அமையுமுன் அவர்களும் அவர்தம் குழந்தைகளும் டோலிகளிலும் நாற்காலிகளிலும் கூலியாட்களின் தோள்மீதே மலையேறினர். நம் சபை வரலாறுகளில் டோலியில் அமர்ந்தவரின் பெயர் உண்டு; டோலியைச் சுமந்தவரின் பெயர் இல்லை. திருச்சபையும் சுமக்கப்பட்டதே.

ஏசாயா தீர்க்கதரிசன நூலின் 46-ஆம் அதிகாரம் இருவகைத் தெய்வங்களை நம்முன் நிறுத்துகிறது. பாபிலோனின் தெய்வங்கள் களைத்த விலங்குகள்மேல் பாரமாக ஏற்றப்படுகின்றன; தம்மைச் சுமப்போரை அவை விடுவிக்க வல்லன அல்ல. இஸ்ரவேலின் தேவனோ கருவிலிருந்து நரைவயதுவரை தம் மக்களைத் தாமே சுமக்கிறவர். மத்தேயு 23-இல் நம் ஆண்டவர், பிறர் தோள்மேல் பாரஞ்சுமத்தித் தாம் விரலாலும் தொடாத மறைவாணரைக் கடிந்துகொள்கிறார். எத்தேவனை நாம் வணங்குகிறோம் என்பது நம் அறிக்கையால் மட்டுமன்று, யார் யாரைச் சுமக்கிறார் என்பதாலும் விளங்கும்.

ஆகவே, இம்மலைச்சரிவில் ஊழியம் செய்யும் ஆயர்களுக்கும், நாளை செல்லவிருக்கும் இறையியல் மாணவர்களுக்கும் மூன்று பணிகளை முன்வைக்கிறோம். முதலாவது, கேட்டு எழுதுதல். தோட்டங்களுக்குச் சென்று முதுமையடைந்தோரின் நினைவுகள் அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. ஞானஸ்நானப் பதிவேட்டைக் காப்பது போலவே இச்சாட்சிகளையும் சபை காக்கவேண்டும். இரண்டாவது, வந்தோரை ஏற்றல். வேற்று மொழி பேசும் புதிய தொழிலாளர் நம் ஆலயக் கதவண்டை வருமுன், நாம் அவர்கள் குடியிருப்பண்டை செல்லவேண்டும். மூன்றாவது, உரிமைக்குத் துணைநிற்றல். நியாயமான கூலியும் காப்பான பயணமும் அறப்பணிக் குழுவின் தயவாக அல்ல, நீதியாகக் கோரப்படவேண்டும்.

முடிவுரை

அறுப்பின் பண்டிகையன்று நம் விசுவாசிகள் நெல்லும் வாழையும் தேங்காயும் படைப்பதுபோல், இவ்வட்டார ஆலயங்களில் ஒரு கைப்பிடி ஏலக்காயும் பீடத்தண்டை வரக்கூடும். அதன் மணம் ஆலயத்தை நிரப்பும். அந்நேரத்தில் ஆயர் நன்றிச் செபத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், இதனைப் பறித்தவர் எவ்வூரார், எந்நேரத்தில் வீட்டை விட்டுப் புறப்பட்டார், பத்திரமாகத் திரும்பினாரா என்று சபையாரைக் கேட்பாராக. விடை தெரியாத சபை அடுத்த ஆண்டுப் பண்டிகைக்குள் விடையைத் தேடிக் கண்டறியக் கடவது. மலையிலிருந்து இறங்கியவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட நாம், மலையிலிருந்து இறங்கியவர்களையும் ஏற்றுக்கொள்ளும்போதே நற்செய்தி இம்மண்ணின் பண்பாட்டில் வேரூன்றியது என்று சொல்லத் தகுதிபெறுவோம்.